தீட்டும் நஞ்சும்

'தூக்கிப் போடு' என்று ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. போட்ட பொருள் எங்கேயோ போய்விட்டது, கதை அதோடு முடிந்தது என்கிற பொய். எந்தப் பொருளும் எங்கேயோ போவதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகிறது. வீசுகிற கை ஒன்று இருந்தால் பொறுக்குகிற கை ஒன்று இருந்தே தீரும். இந்த இரண்டு கைகளுக்கும் நடுவே இருக்கிற உறவு என்ன? அந்த உறவில் அறம் என்று ஏதாவது உண்டா? இதைத்தான் பேசவேண்டியிருக்கிறது.

இன்றைக்கு ஒரு நடுத்தர வர்க்க வீட்டிலிருந்து வெளியே போகிற சாமான்களை எண்ணிப் பாருங்கள். பியூஸ் போன டியூப் லைட், ரிமோட்டிலிருந்து கழற்றிய செல், கைக்கடிகாரத்துப் பட்டன் செல், வீங்கிப்போன செல்போன் பேட்டரி, வேலை செய்யாத சார்ஜர், உடைந்த தெர்மாமீட்டர், பெரியவர் போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசி, காலாவதியான மாத்திரை, கரப்பான்பூச்சி மருந்து டப்பா, கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில். எல்லாம் ஒரே கறுப்புப் பையில், மீந்துபோன சாம்பாரோடு சேர்த்து முடிச்சுப் போட்டு வாசலில் வைக்கப்படுகின்றன. அந்தப் பையை அவிழ்க்கப் போகிறவர் யார் என்று வைத்தவருக்குத் தெரியும். பேர் தெரியாது. சாதி தெரியும்.

"இதுல எதுக்குங்க சாதியக் கொண்டுவர்றீங்க? குப்பை எல்லாருக்கும் பொதுவான சுற்றுச்சூழல் பிரச்சினைதானே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனசோடு கேட்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். நகரங்களில் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்கிறவர்களைப் பற்றி ஒன்றிய அரசு திரட்டிய விவரம் 2024இல் வெளிவந்தது. விவரம் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காட்டை நெருங்குகிறது. இது சாக்கடைக் கணக்கு. குப்பைக் கிடங்குக்கும் காயலான் கடைக்கும் கணக்கு வேண்டுகிறவர்கள் கொடுங்கையூர்ப் பக்கம் ஒருநாள் போய் நின்று பார்க்கட்டும். குப்பைக்குள் சாதியை நாம் கொண்டுபோகவில்லை. அது முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

எப்போது போய் உட்கார்ந்தது? மனு தர்மத்தின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்க்கு விதித்ததைப் பாருங்கள். உண்பது உடைந்த பாத்திரத்தில், உடுத்துவது பிணத்தின் துணி, அணிவது இரும்பு. கொடூரம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகாமல் இதில் இருக்கிற தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். இது ஒரு சொத்துரிமைச் சட்டம். எனக்கு உதவாமல் போனது எதுவோ அது உனக்கு உரியது என்கிறது. கழிக்கப்பட்ட பொருளும் ஒதுக்கப்பட்ட மனிதரும் ஓரிடத்தில் இருக்க வேண்டியவர்கள் என்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மஹாடில் அம்பேத்கர் தலைமையில் அந்த நூலைக் கொளுத்தினார்கள். ஏடு எரிந்தது. அந்தச் சொத்துரிமை மட்டும் இன்றுவரை செல்லுபடியாகிறது. ஊசிப்போன சோறு, கிழிந்த சேலை, செத்த மாடு என்ற வரிசையில் இப்போது ஓடாத டிவியும் வீங்கின பேட்டரியும் வந்து சேர்ந்திருக்கின்றன. "நல்லாத்தாம்மா இருக்கு, எடுத்துட்டுப் போயி ரிப்பேர் பண்ணிக்க" என்று வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் கொடுக்கிறவருக்குத் தானம் செய்த திருப்தி. உண்மையில் நடந்தது தானம் இல்லை. தன் வீட்டு நஞ்சை அடுத்த வீட்டுக்குக் கடத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

இங்கே தீட்டு, நஞ்சு என்ற இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தீட்டு என்பது இல்லாத ஒன்று. மனித உடம்பின் மேல் ஏற்றிச் சொல்லப்படுவது. அதை யாரும் தராசில் நிறுத்ததில்லை. நஞ்சு இருக்கிற ஒன்று. மூச்சுக் காற்றில் அளக்கலாம், ரத்தத்தில் அளக்கலாம். இல்லாத தீட்டுக்குப் பயந்து இந்தச் சமூகம் குவளையைப் பிரித்தது, கிணற்றைப் பிரித்தது, சுடுகாட்டைப் பிரித்தது, தெருவைப் பிரித்தது. இருக்கிற நஞ்சைப் பிரித்து வையுங்கள் என்றால் நேரமில்லை என்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. மூன்றாவதில் பெயின்ட் டின், பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், தெர்மாமீட்டர், பேட்டரி, ஊசி, காலாவதி மருந்து எல்லாம் பேர் சொல்லிப் பட்டியலிடப்பட்டன. எத்தனை வீட்டில் மூன்றாவது கூடை இருந்தது? இரட்டைக் குவளைக்கு இடம் கண்டுபிடித்த ஊர், மூன்றாவது கூடைக்கு இடமில்லை என்றது.

இதைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். ஆபத்து மனிதரிடத்தில் இருக்கிறது என்று பழகிய கண்ணுக்குப் பொருளில் இருக்கிற ஆபத்து தெரிவதில்லை. ஏற்கெனவே அசுத்தம் என்று முத்திரை குத்தப்பட்டவர் மேல் இன்னும் கொஞ்சம் அழுக்குப் பட்டால் என்ன என்ற எண்ணம் அடியாழத்தில் கிடக்கிறது. "அவுங்களுக்கு அதெல்லாம் பழக்கம்தானே" என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அந்த ஒரு வாக்கியத்தில் அது வெளியே வந்துவிடுகிறது. மனசுக்கு அவமானம்கூடப் பழகிப்போகலாம். ரத்தத்துக்கு ஈயம் பழகாது. நுரையீரலுக்குப் பாதரசம் பழகாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். டியூப் லைட்டிலும் சுருள் பல்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆவியாக மூச்சில் ஏறும். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது. செல்போன் பேட்டரியும் பவர் பேங்கும் லித்தியம் வகை. குத்தினாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். குப்பை லாரிக்குள் நசுங்கித் தீப்பிடிப்பது உலகமெங்கும் நடக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும். ஒயரின் மேல் தோலை எரித்துத் தாமிரம் எடுக்கும்போது டையாக்ஸின் என்கிற கொடிய நச்சுப் புகை வருகிறது. சர்க்யூட் போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கிற வேலை டெல்லி சீலம்பூர் மாதிரியான இடங்களில் சந்துக்குள் நடந்து வந்திருக்கிறது. அமிலம் கடைசியில் சாக்கடைக்குப் போகிறது.

ஈயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முதலில் குறிவைப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சியை. கவனம் சிதறும், படிப்பு ஏறாது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறையை ஆதிக்க சாதித் தெருவில் யாராவது வைக்க விடுவார்களா? ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருக்கிற பக்கம் வைத்துக் காற்றையும் மண்ணையும் கெடுத்துவிட்டு, பிறகு அங்கே வளர்ந்த பிள்ளையின் மார்க்கைப் பார்த்துத் தகுதி, திறமை என்று பேசுவது என்ன நியாயம்?

தமிழ்நாட்டுக்கே உரிய உதாரணம் ஒன்று. 2006க்கும் 2011க்கும் இடையில் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தது. சேரிக் குடிசைக்குள் டிவி வந்ததைக் கேலி பேசியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. உலகத்தைப் பார்க்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு. நம் கேள்வி வேறு. அவையெல்லாம் படக்குழாய் வைத்த பெட்டிகள். குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பெட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கொடுக்கும்போது மேடை போட்டுக் கொடுத்தார்கள். செத்தபோது திரும்ப வாங்கிக்கொள்ள அப்படி ஒரு மேடை போடவில்லை. காயலான் கடைக்காரருக்கு வேண்டியது குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கிற தாமிரச் சுருள். கழுத்தை உடைத்து அதை உருவிக்கொண்டால் மிச்சக் கண்ணாடிக்கு விலை கிடையாது. விலையில்லாத கண்ணாடி ஏரிக்கரைக்கோ புறம்போக்குக்கோ போகும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள் யார்?

வடசென்னையில் ஒரு காயலான் கடையில் பிரித்தெடுக்கிற வேலை பார்க்கிற அக்கா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"கையுறை போட்டுக்கக் கூடாதாக்கா?"

"போட்டா திருகாணி பிடிபடாது தம்பி. எங்களுக்குக் கிலோவுக்குத்தான் காசு, நேரத்துக்கு இல்ல."

"உள்ள என்ன இருக்குன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"சொன்னாங்களே, காப்பர் இருக்குன்னு."

இந்த இரண்டு பதிலில் மொத்தப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. கையுறை கொடுத்தோம், அவர்கள்தான் போடமாட்டேன் என்கிறார்கள் என்று அதிகாரிகளும் முதலாளிகளும் அலுத்துக்கொள்வார்கள். எடைக்குக் கூலி என்று வைத்துவிட்டு, விரலின் வேகத்தில் வயிறு இருக்கிறது என்று ஆக்கிவிட்டு, கையுறையை நீட்டுவது ஏமாற்று வேலை. இரண்டாவது பதில் அதைவிட மோசமானதைச் சொல்கிறது. லாபம் எதுவோ அதன் பேரைத் தொழிலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்து எதுவோ அதன் பேரைச் சொல்லவில்லை. தெரிந்து ஒன்றைத் தொடுவது வேறு. தெரியாமல் ஒருவரைத் தொடவைப்பது வேறு. பின்னது வன்முறை.

எழுத்தறிவில்லாதவர்கள் செய்கிற தவறு என்று நினைக்க வேண்டாம். 2010 பிப்ரவரியில் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த ஒரு கருவியைப் பழைய சாமானாக ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60 என்கிற கதிரியக்கப் பொருள் இருந்தது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு அது தெரியாது. தோல் கருத்தது, முடி கொட்டியது. ஏப்ரலில் ஒரு தொழிலாளி செத்துப்போனார். வேறு பலர் கடும் பாதிப்போடு மருத்துவமனையில் கிடந்தார்கள். வேதியியல் படித்தவர்கள் நிறைந்த ஒரு கட்டடத்திலிருந்து அது வெளியே போயிற்று. படிப்பு எவ்வளவு இருந்தும், பிரிக்கப்போகிற மனிதர் அவர்கள் கண்ணில் வரவில்லை. ஆகவே இதை விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்லி முடிக்க முடியாது. யாரை மனிதராக எண்ணுகிறோம் என்பதில் இருக்கிற குறைவு இது.

அடுத்து, நமக்குள்ளேயே நடக்கிற ஒரு விவாதம். இந்த வேலையை நம் மக்கள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் சில தோழர்கள். செத்த மாட்டுக் கறியையும் எச்சில் மிச்சத்தையும் விட்டொழியுங்கள் என்று 1927இலேயே மஹாடில் அம்பேத்கர் சொல்லவில்லையா என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது, காயலான் கடையை மூடினால் அடுப்பு எரியாத வீடு எத்தனை தெரியுமா என்று அந்த வேலை பார்க்கிறவர்களே கேட்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவை. ஒன்றைச் சொல்லி மற்றதை அடைக்கக் கூடாது.

செத்த மாட்டை ஒரு சேரி தூக்க மறுத்தால் அது ஊரிலேயே கிடந்து நாறும். மறுப்புக்குப் பலம் இருந்தது. மின்னணுக் கழிவு நாறுவதில்லை. நாம் மறுத்தால் நம்மைவிட நொந்துபோன இன்னொருவர், இன்னொரு மாவட்டத்துத் தலித்தோ, ஏழை முஸ்லிமோ, வடக்கிலிருந்து ரயிலேறி வந்த கூலியோ எடுத்துக்கொள்வார். தனித்தனியாக மறுப்பதால் நஞ்சு கை மாறுமே ஒழியக் குறையாது. அதனால் இந்த வேலைக்குள் ஒட்டிக்கிடக்கிற இரண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒன்று, ஒரு பொருளை அக்கக்காகப் பிரித்து அதிலிருந்து திரும்பப் பயன்படுவதை எடுக்கிற தொழில். அது அறிவுள்ள தொழில். ரிச்சி தெருவில் செத்த போனுக்கு உயிர் கொடுக்கிற பையனுக்குத் தெரிந்தது பொறியியல் பட்டதாரி பலருக்குத் தெரியாது. குப்பையில் கிடந்தாலும் குண்டுமணி குண்டுமணிதான் என்று பழமொழி சொல்லத் தெரிந்தவர்கள், அதைக் கண்டெடுக்கிற விரலுக்கு ஒரு பழமொழி சொன்னதில்லை. இரண்டாவது, அந்தத் தொழிலோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்ட நஞ்சும் அவமானமும். அவை தொழிலின் இயல்பில்லை. செலவை மிச்சம் பிடித்தவர்கள் அங்கே கொண்டுவந்து வைத்தவை. காற்றோட்டமான கூடம், சரியான கருவி, முகமூடி, மாதச் சம்பளம், வருஷத்துக்கொரு ரத்தப் பரிசோதனை இவற்றுக்கெல்லாம் பணம் ஆகும். அந்தப் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்குப் பேர்தான் மலிவு. மலிவின் இன்னொரு பக்கம் ஒருவரின் நுரையீரல்.

நியாயமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்கிற வேலையாக அது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் தொழில். நம் பிள்ளைகள் மட்டும்தான் வருகிறார்கள் என்றால், எத்தனை பசுமைச் சான்றிதழ் மாட்டினாலும் அது பழைய வெட்டிவேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மின்னணுக் கழிவுக்கு 2011இல் விதிகள் வந்தன. 2016இல் புதுப்பித்தார்கள். 2022இல் மறுபடி எழுதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விற்ற நிறுவனமே திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கப் பொறுப்பு என்பது இவற்றின் சாரம். நல்ல கொள்கை. ஆனால் 2022 விதிகளின்படிப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள் தயாரிப்பாளர், விற்பனைப் பொறுப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என நான்கு வகையினர். தெருவில் எடுத்து, தராசில் நிறுத்து, உட்கார்ந்து பிரிக்கிறவர் இந்த நான்கில் இல்லை. அவருக்கு இருப்பது வேறோர் இடத்தில் வருகிற ஒரு கடமை: மாநில அரசு இத்தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், பயிற்சி தர வேண்டும், உடல்நலமும் பாதுகாப்பும் உறுதிசெய்ய வேண்டும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்தைத்தான். 2022இல் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வருவது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை 2024இல் சொன்னது. மீதியைச் சுமப்பதில் பெரும்பங்கு கணக்கில் வராத கைகளுடையது.

பணக்கார நாடு தன் அபாயக் கழிவை ஏழை நாட்டில் கொட்டக் கூடாது என்பதற்காக 1989இல் பேசல் உடன்படிக்கை உண்டாக்கினார்கள். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் அப்படி ஓர் ஒப்பந்தமாவது இருக்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது?

திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கொடைக்கானல் பதில் சொல்லும். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்கிற ஊரில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் கையில் இருந்தது. 2001இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மக்கள் போராடினார்கள், ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016 வரை இழுத்தது. நஞ்சு வந்த வழியே திரும்பிப் போகும். தானாகப் போகாது, போகவைக்க வேண்டும்.

மறுப்பதற்கான பலம் வேலை நிரந்தரத்திலும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதைச் சம்பளப் பிரச்சினை என்று மட்டும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஊசி கலந்த பையை 'இதைத் தொடமாட்டேன், பிரித்துக் கொடு' என்று சொல்ல நிரந்தரப் பணியாளரால் முடியும். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரால் சொல்ல முடியாது.

சட்டமும் போராட்டமும் நடக்கட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் சில உண்டு. டியூப் லைட்டை உடைக்காமல் அது வந்த அட்டையிலேயே போட்டுத் தனியே வையுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் கூட்டாமல் அட்டையால் வழித்து, ஒட்டு நாடாவால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். தெர்மாமீட்டர் பாதரசத்துக்கும் இதே முறைதான், சாக்கடையில் ஊற்றக் கூடாது. பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். வீங்கியதைக் குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். பட்டன் செல்லைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மேலே 'ஊசி' என்று எழுதுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். போனையும் சார்ஜரையும் விற்ற கம்பெனியின் சேகரிப்பு மையத்திடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். அப்படி ஒன்று உங்கள் ஊரில் இல்லையென்றால் நகராட்சியிடம் எழுதிக் கேளுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதுதான் அவர்களை அசைக்கும்.

இதை வாசிக்கிற மாணவர்களும் எழுதுகிறவர்களும் இயக்கத் தோழர்களும் இன்னொன்றும் செய்ய வேண்டும். விடுதியில், கட்சி அலுவலகத்தில், பத்திரிகை அறையில் ஒரு மூன்றாவது கூடை வையுங்கள். காயலான் கடைகளில் பிரிக்கிறவர்களைச் சங்கமாக்குகிற வேலையில் இறங்குங்கள். எந்தச் சாமானுக்குள் என்ன நஞ்சு என்று படம் போட்ட ஒரு துண்டறிக்கை அவர்கள் கைக்குப் போகட்டும். நாம் படித்த படிப்புக்கு அது ஒரு கணக்குத் தீர்ப்பு.

கொடுக்கும்போது வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். கையில் கொடுங்கள். இதில் கண்ணாடி இருக்கிறது, இதில் ஊசி இருக்கிறது, இதைத் தனியாக வையுங்கள் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறவரின் பேரைக் கேளுங்கள்.